ஆடி கழித்து வா

சிவமயம்

குழிபிறை,
தாது வருஷம், சித்திரை 12.

சௌபாக்கியவதி சீதைக்கு ஆவுடையாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே உன் மூத்தாரும் நானும் உன் மகள் வல்லியும் சுகமாக இருக்கிறோம். சமையல்கார இருளாயிக்கு மட்டும் கால் வீக்கம். அது எப்போதும் உள்ளதுதான். நீயும் கொழுந்தனாரும் சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ அனுப்பிய போட்டோவே அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

அந்தப் போட்டோவைப் பற்றி எழுதாமல் மற்றதை எழுத எனக்குக் கை வராது. முழங்கால் ஆழக் கடலில், கண்டாங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். பின்னால் கரையில் கொழுந்தனார் கையில் ஒரு ஜோடி செருப்பு. அது அவர் செருப்பா, உன் செருப்பா என்று வெளிச்சத்தில் கொண்டுபோய் உற்று உற்றுப் பார்த்தேன். உன்னுடையதுதான். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. உன் மூத்தார் என் செருப்பை எடுத்துத் தருவது கிடக்கட்டும், எனக்குச் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது.

படம் வந்த செய்தி எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுச் சொர்ணம் மூக்கின் மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை. கொடுத்து வைத்தவள் என்றாள் ஒருத்தி. அவள் குரலைக் கேட்டிருந்தால் உனக்கு அங்கேயே காய்ச்சல் வந்திருக்கும். எல்லோரும் போனதும் உப்பும் மிளகாயும் எடுத்துவரச் சொல்லி, உன் படத்துக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி கொஞ்சமும் வரவில்லை. இருளாயி அடுப்பைப் பார்த்துவிட்டு, "அம்புட்டுக் கண்ணு ஆச்சி" என்றாள்.

எனக்கு மட்டும் பொறாமை இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. மறைத்து என்ன ஆகப் போகிறது? இரங்கூனில் பழகிய தேக்குக் கம்பெனித் துரை ஒருவர், வேலையை விட்டதும் பெண்டாட்டியின் ஊரில் போய் உட்காருவாராம். அந்த ஊர் ஸ்பெயின் தேசத்துக் கடற்கரையில் இருக்குமாம். மனைவியோடு வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போ என்று அவர் ஒரு வார்த்தை எழுதுவாராம். உடனே என் கொழுந்தனார் உன்னையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுவாராம். யாராவது கதையாகச் சொல்லியிருந்தால், போதும் நிறுத்து என்றிருப்பேன்.

உன் மூத்தார் ஈப்போவுக்கு எத்தனை முறை போய் வந்தார் என்று உனக்குத் தெரியும். போனால் மூன்று வருஷம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை, என்னையும் கூட்டிப் போங்களேன் என்று கேட்டேன். நம்மில் பெண்கள் கப்பல் ஏறும் வழக்கம் இல்லை என்றார். வழக்கம் என்றால் வழக்கம்தான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். உன் படம் வந்த அன்று, அந்த வழக்கம் இப்போது எங்கே போயிற்று என்று கேட்டேன். "அவன் இந்தக் காலத்துப் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இவருக்கும் தம்பிக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். அதற்குள் ஒரு காலம் முடிந்து வேறொரு காலம் பிறந்துவிட்டது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

நானும் கடலைப் பார்த்தவள்தான். தனுஷ்கோடியில், பிள்ளை வரம் வேண்டி, ஈரச் சேலையோடு நின்று முழுக்குப் போட்டேன். ஒவ்வொரு முழுக்குக்கும் மந்திரம். அலை எப்படி இருந்தது, தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். கடலில் இறங்கி நின்று சிரிக்கலாம் என்பதே உன் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

என் முகத்தைப் பார்த்து உன் மூத்தாருக்கு என்ன தோன்றியதோ, போன வாரம் என்னையும் ஊர் பார்க்க அழைத்துப் போனார். எங்கே என்று நினைக்கிறாய்? குடுமியான்மலைக்கு. நீ எழுதியிருக்கிறாயே, அந்த ஊர் மலைமேல் துருக்க ராஜாக்கள் கட்டிய பழங்கோட்டை இருக்கிறது, துரைசாணி உனக்குப் படிப்படியாகச் சுற்றிக் காட்டினாள் என்று. அதற்கு ஈடாம் இது. பாறையில் சங்கீதத்தையே எழுதி வைத்திருக்கிறார்கள் பார் என்று காட்டினார். வரி வரியாக எழுத்துத்தான் தெரிந்தது. பாடிக் காட்ட ஆளில்லை. வெயிலில் பாறை சுட்டது. திரும்பும் வழியில் வண்டி மாடு படுத்துக்கொண்டது. உனக்கு ஸ்பெயின், எனக்குக் குடுமியான்மலை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வல்லி நன்றாகச் சாப்பிடுகிறாள். கப்பல் குளிர் தாங்கமாட்டாள் என்று நீ அவளை என் இடுப்பில் கொடுத்துவிட்டுப் போனபோது ஒரு பொழுது முழுக்க அழுதாள். இப்போது அழுவதில்லை. படத்தைக் காட்டினேன். விரலை வைத்து, "இது யாரு?" என்றாள். குழந்தைதானே, கறுப்பு வெள்ளைப் படம் அவளுக்கு என்ன தெரியும். நீ மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே.

அந்த ஊரில் மழையே கிடையாது, நம் பொட்டல் போலவே செம்மண், ஆனாலும் திராட்சை காய்த்துத் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அது எப்படி என்று விசாரித்து எழுது. வரும்போது எனக்கென்று ஒன்றும் வாங்க வேண்டாம். நீ நின்ற கரையிலிருந்து ஒரு கைப்பிடி மணல் முடிந்துகொண்டு வா. அது போதும்.

இப்படிக்கு,
உன் ஆச்சி,
ஆவுடையாள்.


சிவமயம்

குழிபிறை,
வைகாசி 19.

சௌபாக்கியவதி சீதைக்கு ஆவுடையாள் ஆசீர்வாதம்.

உன் கடிதம் நேற்று வந்தது. பதில் தாமதமாகக் கூடாது என்று இதை விமானத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். காகிதம் மெல்லிசாக இருப்பதால் பேனா குத்துகிறது. பொறுத்துப் படித்துக்கொள்.

கடற்கரையில் மரத்தடிப் பெஞ்சியில் கொழுந்தனாரும் நீயும் அருகருகே உட்கார்ந்து, ஐஸில் போட்ட பாதாம் பால் குடித்தீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அருகருகே என்பதை எழுதாமல் விட்டிருந்தாலும் நான் புரிந்துகொண்டிருப்பேன். மலைக் குகைகளில் குடியிருக்கும் ஜனங்களின் வீட்டுக்குப் போனாயாம். அங்கே ஒரு கிழவி காலைத் தரையில் தட்டி ஆடினாளாம். அவள் பாட்டு ஒப்பாரி மாதிரியும் இருந்தது, சண்டை மாதிரியும் இருந்தது, கேட்க உனக்கு அழுகை வந்தது என்கிறாய். அழுவதற்குக்கூட உனக்குக் கப்பல் ஏறிப் போய் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. நான் அடுப்படியில் வெங்காயம் உரிக்கும் நேரம் பார்த்து அழுகிறேன்.

உன் மிஞ்சியையும் தோட்டையும் பார்க்க அந்த ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள், உன்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இங்கே நம் ஊருணி வற்றி நடுவில் ஒரு குட்டை மட்டும் கிடக்கிறது. எனக்குக் கடற்கரை இப்போது அதுதான். சாயங்காலம் வல்லியைத் தூக்கிக்கொண்டு கரையில் போய் நிற்பேன். அவள் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, வட்டம் வட்டமாக விரிவதைப் பார்த்துக் கைதட்டுவாள். அவள் கைதட்டுவதைப் பார்க்க நான் ஒருத்திதான். யாரும் கூடவில்லை.

வல்லிக்குப் போன மாதம் புட்டாளம்மை கண்டிருந்தது. இப்போது இறங்கிவிட்டது, பயப்படாதே. உனக்கு அப்போதே எழுதவில்லை. எழுதி என்ன செய்வாய், கடலைத் தாண்டிக் குதித்தா வருவாய்? கன்னம் இரண்டும் வீங்கி, எதையும் விழுங்க மாட்டாமல், என் தோளைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். மடியில் போட்டுக்கொண்டு சங்கில் கஞ்சி புகட்டினேன். அப்போதுதான் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாராவது உன்னிடம் சொல்லி நீ கேட்கக் கூடாது. என்னைப் பெரியாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், வீங்கிய வாயால் முழுதும் சொல்ல முடியாமல், ஆத்தா என்று மட்டும் கூப்பிட்டாள். வீக்கம் வற்றிவிட்டது. கூப்பிடுவது அப்படியே நிலைத்துவிட்டது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை சீதை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உன் மூத்தார் ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறார். வேந்தன்பட்டியில் நம் கோயில் பங்காளி வீட்டில் மூன்றாவது ஆண் பிள்ளை இருக்கிறானாம். அவனைச் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொள்ளலாம் என்கிறார். பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டாமா, நாளைக்குக் கொள்ளி வைக்க ஆள் வேண்டாமா என்று கேட்கிறார். பையனின் ஜாதகம் என் பூஜை அறையில்தான் இருக்கிறது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் அவன் வந்து நிற்கும் நேரத்தில் வல்லி உன்னோடு உன் அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரே வீட்டில், ஒரே முற்றத்தில், உனக்கு ஓர் அடுப்பு, எனக்கு ஓர் அடுப்பு. அவள் உன் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

வல்லி ஆணாகப் பிறந்திருந்தால் நான் இவ்வளவு சுற்றி வளைத்து எழுதியிருக்க மாட்டேன். வெற்றிலை பாக்குத் தட்டோடு உன் முன்னால் வந்து நின்று, இவனை எனக்குக் கொடு என்று வாய்விட்டுக் கேட்டிருப்பேன். நீ மாட்டேன் என்றிருந்தாலும் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. பெண்ணைக் கேட்க நம்மில் என்ன வழக்கம் இருக்கிறது? கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே கேட்கவில்லை. உனக்கு வயது இருக்கிறது, இன்னும் நாலு பெறுவாய். அதையும் ஆசீர்வாதமாகத்தான் எழுதுகிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். ஆனி நடுவில் கப்பல் ஏறுவதாகவும், ஆடி பிறந்து சில நாளில் ஊர் வந்து சேர்ந்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். ஆடியிலா வருவது? கடல் கடந்து போனவர்கள் ஆடி மாதத்தில் வந்து வாசல்படி மிதிப்பது வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இலுப்பூர் ஜோசியரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். அதுவும் நம் குடும்பத்திலிருந்து கப்பல் ஏறிய முதல் பெண் நீ. ஊர் வாய் சும்மா இருக்காது. நாளைக்கு வீட்டில் ஒரு தலைவலி வந்தாலும் உன்னால்தான் என்பார்கள். ஆகையால் ஆடி கழித்து வா.

ஆடி கழித்து என்றால் ஆடி முடிந்த மறுநாளே ஓடி வர வேண்டும் என்று இல்லை. ஆவணியில் அந்த ஊரில் கடல் மாதாவுக்குப் பெரிய திருவிழா நடக்கும், அதைப் பார்க்காமல் வருவதுதான் குறை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை ஏன் குறையாக விட வேண்டும்? இருந்து பார்த்துவிட்டே வா. இனி ஒரு தடவை போகவா போகிறாய்? கொழுந்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல். அவர் நான் சொன்னால் தட்டமாட்டார்.

உன் போட்டோவைக் கூடத்தில் மாட்டியிருந்தேன். பூச்சி அரிக்கிறது என்று எடுத்துப் பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். பத்திரமாக இருக்கிறது.

வல்லியைப் பற்றிக் கவலையே வேண்டாம். நீ எவ்வளவு நாள் இருந்தாலும் அவள் ஏங்கமாட்டாள். நன்றாகக் கடலைப் பார். என் பங்குக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் ஆச்சி,
ஆவுடையாள்.


சிவமயம்

குழிபிறை,
ஆடி 12.

என் சீதைக்கு ஆவுடையாள் கோடி ஆசீர்வாதம்.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்குமா என்று தெரியாமல் எழுதுகிறேன். உன் ஊர் விலாசத்துக்குத் தபால் போகாது என்று சொல்லிவிட்டார்கள். இங்கிலீஷ்காரர்கள் தங்கள் கப்பல்களை அனுப்பி, அங்கங்கே கரையில் மாட்டிக்கொண்ட வெளிதேசத்தாரை ஏற்றிக்கொண்டுபோய் ஜிப்ரால்டர் என்ற இடத்தில் இறக்குகிறார்களாம். ஆகையால் அந்த இடத்துக் கப்பல் கம்பெனிக்கு, உங்கள் பேரில் அனுப்புகிறேன். நீங்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தால் யாராவது கொடுப்பார்கள்.

நாங்கள் சுகம். வல்லி சுகம். அதை முதலில் படித்துக்கொள்.

உங்கள் பிரயாணத்தைத் தள்ளிவைத்த செய்தியோடு உன் கடிதம் ஆனிக் கடைசியில் வந்தது. ஆச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கொழுந்தனார் டிக்கெட்டை மாற்றிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அன்று நான் இருளாயியிடம் பால் பணியாரம் சுடச் சொன்னேன். என்ன விசேஷம் என்றாள். ஒன்றும் இல்லை, வல்லிக்கு ஆசையாக இருக்கிறது என்றேன்.

அதே கடிதத்தில், ஆனி மாதத்து ஒரு ராத்திரியில் கடற்கரை நெடுக நெருப்பு மூட்டி, பழைய சாமான்களையெல்லாம் போட்டு எரித்துக் கொண்டாடினார்கள் என்று எழுதியிருந்தாய். நம் போகி மாதிரி என்று எழுதியிருந்தாய். நீயும் ஒரு பழைய கூடையைப் போட்டாயாம். கொழுந்தனார் உன் கையைப் பிடித்து நெருப்பைத் தாண்டச் சொன்னாராம். படித்ததும் எனக்குப் பழையபடி வயிறு எரிந்தது. நான் ஒரு நெருப்பையும் தாண்டவில்லை, என் கையை யாரும் பிடிக்கவில்லை என்று சொர்ணத்திடம்கூடச் சொல்லி மாய்ந்தேன்.

அப்புறம் ஆடி பிறந்தது. நாலைந்து நாளில் பத்திரிகையில் ஸ்பெயின் தேசம் என்று கொட்டை எழுத்தில் வந்தது. உன் மூத்தார் முதலில் என்னிடம் சொல்லவில்லை. அவர் பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்ததைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பிடுங்கிப் படித்தேன். பட்டாளத்தார் ராஜாங்கத்துக்கு விரோதமாகக் கிளம்பிவிட்டார்களாம். பட்டணத்துக்குப் பட்டணம் சண்டையாம். கடற்கரைப் பட்டணங்களில் வீடுகள் பற்றி எரிகின்றனவாம். எந்தெந்தப் பட்டணம் என்று சிலவற்றின் பேர் போட்டிருந்தது. கடைசி வரியில் உன் ஊர் அல்மேரியாவின் பேரும் இருந்தது. வேறு ஒன்றும் போடவில்லை. பேர் மட்டும்தான்.

உன் மூத்தார் பூகோளப் படத்தைக் கொண்டுவந்து தரையில் விரித்து, இங்கே இருக்கிறார்கள் என்று விரலை வைத்தார். அவர் விரலுக்கு அடியில் அந்த ஊர் மறைந்துவிட்டது. மோட்டார் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போய்த் தந்தி கொடுத்தார். பதில் இல்லை. மறுபடி போய்க் கொடுத்தார். சென்னப்பட்டணத்துக் கப்பல் ஆபீசுக்கும் எழுதியிருக்கிறார். தினம் தபால்கார மூக்கன் வரும் நேரத்துக்கு அவர் வாசலில் போய் நிற்கிறார். மூக்கன் தெரு முனையிலிருந்தே கையை ஆட்டி, இல்லை என்று சொல்லிவிடுகிறான். பாவம், பக்கத்தில் வந்து சொல்ல அவனுக்குப் பயம்.

ஆனி நடுவில் கப்பல் ஏறியிருந்தால் இந்நேரம் வீட்டுக்கே வந்திருப்பார்களே என்று அன்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆடியிலே வரக் கூடாதுன்னு எந்தப் பெரியவுக சொன்னாக?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். "புதுசாத்தான் குடி போகக் கூடாது. சொந்த வீட்டுக்கு வர்றதுக்கு என்ன மாசம்?" என்றார். நான் வல்லிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாரிக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தையும் குழந்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இலுப்பூர் ஜோசியரிடம் நேற்று நானே போனேன். சொந்த வீட்டுக்கு எந்த மாதத்திலும் வரலாமாம். ஆடியில் வரலாம், அமாவாசையில் வரலாம், ராகுகாலத்தில்கூட வந்து ஏறலாமாம். ஆகையால் நான் முன்பு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. திருவிழாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மணல் கேட்டிருந்தேன், அதுவும் வேண்டாம். கப்பல் எது கிடைக்கிறதோ அதில் ஏறி வா. படுக்க இடம் இல்லாவிட்டாலும் உட்கார்ந்துகொண்டு வா.

உன் படத்தைப் பார்க்க வந்தவர்களுக்காகவெல்லாம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன் அல்லவா? நெடி வராததைப் பார்த்து, அம்புட்டுக் கண்ணு என்று இருளாயி சொன்னாளே. எதிர்வீட்டுக்காரியின் கண், கோடிவீட்டுக்காரியின் கண் என்று ஒவ்வொருத்தி பேராகச் சொல்லிச் சுற்றினேன். என் கண்ணுக்குச் சுற்றிப் போடத் தோன்றவில்லை. நேற்று ஜோசியர் வீட்டிலிருந்து வந்ததும் அதைச் செய்தேன். படத்தை நடுவில் வைத்து, என் தலையை நானே மூன்று தரம் சுற்றிக்கொண்டு அடுப்பில் போட்டேன். இந்தத் தடவை வீடே இருமியது. வல்லிக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

படம் இப்போது பீரோவில் இல்லை. கூடத்தில், வல்லியின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் அவளை அதன் முன்னால் நிறுத்தி, ஆத்தா என்று சொல்லச் சொல்கிறேன். முதல் நாள் என்னைப் பார்த்தே சொன்னாள். முகத்தைப் பிடித்துப் படத்தின் பக்கம் திருப்பிவிட்டேன். அவளுக்குக் கோபம். என் கையைக் கடித்துவிட்டாள். இப்போது பழகிவிட்டாள். தானாகவே போய் நின்று, "ஆத்தா தண்ணிக்குள்ள நிக்கிறாக" என்கிறாள். தண்ணீரைவிட்டு எப்போது வருவார்கள் என்று கேட்கிறாள். அவள் அப்படிப் படத்தைத் தடவும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது சீதை. இவ்வளவுக்குப் பிறகும் எரிகிறது. எரிந்துகொண்டேதான் சொல்லிக் கொடுக்கிறேன்.

வேந்தன்பட்டிக்குச் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் இருவரும் வந்து சபையில் உட்கார்ந்த பிறகுதான் பிள்ளை கூட்டுவது என்றும் சொல்லியிருக்கிறேன். ஆகையால் நீ வராமல் இருக்க முடியாது. உன் அடுப்படியை இருளாயி நேற்று மெழுகிவிட்டாள். வல்லியின் சின்னத் தட்டையும் தம்ளரையும் என் பக்கத்திலிருந்து எடுத்து அங்கே கொண்டுபோய் வைத்தேன். அவள் மறுபடி என் பக்கம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறுபடி கொண்டுபோய் வைத்தேன்.

நம் நகரக் கோயில் சிவன் உங்கள் இருவரையும் கைவிடமாட்டான். உன் தாலி உன் கழுத்தில் நிறைந்து கிடக்க, கடலில் நனைந்த கால் காய்ந்து நம் வாசல்படியில் வந்து ஏற வேண்டும். கொழுந்தனார் உன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே வரட்டும். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னும் ஒன்று. என்னைப் பெரியாத்தா என்று கூப்பிட அவளை மறுபடி பழக்கிவிட்டேன். பகலெல்லாம் சரியாகச் சொல்கிறாள். தூக்கத்தில் மட்டும் மறந்துபோய்ப் பழையபடி கூப்பிட்டுவிடுகிறாள். அப்போது நான், ஏன் என்று பதில் குரல் கொடுக்கிறேன். நீ வந்து சேரும் வரைக்கும் அதை மட்டும் எனக்கு விட்டுக்கொடு. வந்ததும் அதையும் எடுத்துக்கொள். ஆனால் வா.

இப்படிக்கு,
உன் மகளின் பெரியாத்தா,
ஆவுடையாள்.